வேத ஆராய்ச்சி அலமாரியும் முத்துக்குளித்துறையும்

லுத்தரன் சபைகளின் விழா மலர் எதைப் புரட்டினாலும் தரங்கம்பாடியில் தொடங்கித் தரங்கம்பாடியிலேயே முடியும். 1706 ஜூலை 9இல் சீகன்பால்கு ஐயர் கரையிறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முழுமை பெற்றதையும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் நாம் கையிலெடுக்கும் துணைநூல்களின் கதையோ, பாதி வழி நம் தூத்துக்குடிப் பக்கமாக வந்துதான் போகிறது.

சீகன்பால்குக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே புன்னைக்காயலில் இயேசு சபைக் குருவான அண்டிரிக்கி அடிகளார் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதிவைத்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’. அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கத்தோலிக்க நூல்கள்தானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இயேசு சபையார் எழுதிவைத்த தமிழ் நூல்களை வாசித்து, அவற்றின் சொற்களை எடுத்தாண்டவர் சீகன்பால்கு ஐயர். கொள்கையில் மோதல், சொல்லில் கொள்வினை!

துணைநூல்களில் அகராதி சென்னை வேப்பேரியில் பிறந்தது. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது கொண்டுவந்த அச்சுப்பொறி அங்கிருந்த லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரிடம் சேர, 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. பின்னாளில் தரங்கம்பாடியில் அதைத் திருத்தி விரித்து 1897இல் பதிப்பித்தார்கள். 1972இல் நான்காம் பதிப்பு. தலைச்சொல்லின்கீழ் அதை ஒட்டிவரும் தொடர்களையும் வழக்குகளையும் அடுக்கித் தருவதுதான் அதன் அருமை.

நம் மலர்கள் அதிகம் பேசாத ஒருவர் ரேனியுஸ் ஐயர். பெர்லினில் லுத்தரன் குருப்பட்டம் பெற்று, ஆங்கிலேய மிஷனின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். உபதேசியார்களைப் பயிற்றுவித்தார், தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார், இலக்கணம் எழுதினார். தாம் உருவாக்கிய உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் முறையில்தான் குருப்பட்டம் என்பதை அவர் ஏற்கவில்லை. 1835இல் மிஷன் அவரை நீக்கியது. இன்று திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளில் பல தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கின்றன. அவற்றின் அஸ்திபாரத்தில் லுத்தரன் கல் உண்டு என்பதை நாமாவது எழுதிவைக்க வேண்டும். ரேனியுஸுக்கு முன்பே பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த சத்தியநாதன் 1790இல் பெற்றதும் லுத்தரன் குருப்பட்டமே.

வேதத்தை வேதமே விளக்கும் என்பது லுத்தர் வழி. அதற்கு ஏற்ற கருவி ஒத்தவாக்கிய வேதாகமம். மத்தேயு 13:45ஐ எடுங்கள்: நல்ல முத்துக்களைத் தேடும் வியாபாரி. முத்து என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே போனால் வெளிப்படுத்தின விசேஷம் 18இல் வேறு வியாபாரிகள் நிற்கிறார்கள். பாபிலோன் விழுந்ததால் முத்துச் சரக்கை வாங்க ஆளில்லாமல் அழுகிறார்கள். 21ஆம் அதிகாரத்தில் நகரவாசல்களே முத்து. ஒருவன் எல்லாவற்றையும் விற்று வாங்குகிறான், இன்னொருவனிடம் சரக்கு தேங்குகிறது. சங்குக்குளியும் முத்துச்சிலாபமும் பார்த்த ஊரில் இதற்குப் பெரிய வியாக்கியானம் தேவைப்படாது. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் வைத்தாலே கூட்டம் ஒரு மணி நேரம் ஓடும்.

பப்ரிசியுஸ் அகராதி இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். நம் அலமாரியின் ஒத்தவாக்கிய வேதாகமத்துக்குத்தான் பைண்டிங் விட்டுப்போயிற்று. விழாக் கணக்கில் மிச்சம் இருந்தால் புதிய பிரதி வாங்கும்படி கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.