‘பெர்சியன்’ என்று பெயர் மாறிய நம் தோல்

ஒரு புத்தகம் நூறு ஆண்டு வாழ்வதற்கு அதை எழுதியவர் மட்டும் காரணம் அல்ல. தாளை மடித்தவர், தைத்தவர், அட்டை போட்டவர், தோல் பதனிட்டவர், கிடங்கில் ஈரமும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொண்டவர் என்று பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. கீழைத்தேயவியல் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எட்வர்ட் செய்தைப் படிக்கிறோம், மாக்ஸ் முல்லரை விமர்சிக்கிறோம். ஆனால் அந்தப் புத்தகங்கள் எப்படிக் கட்டப்பட்டன, எங்கே அடுக்கப்பட்டன, யார் பணத்தில் என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் அந்த வரலாறு நம் சேரி வரைக்கும் வந்து நிற்கிறது.

முதலில் பணம். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த ரிக் வேதம் 1849 முதல் 1874 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குச் செலவு செய்ய முன்வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனியின் கஜானா எதனால் நிரம்பியது? இந்த மண்ணின் நிலவரியால், அதாவது வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாது என்று விலக்கப்பட்ட மக்களும் சேர்ந்து பாடுபட்ட நிலத்தின் வரியால்.

பிறகு ஆக்ஸ்போர்டு, ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசையை 1879-இல் தொடங்கி 1910-க்குள் 50 தொகுதிகளாக முடித்தது. அதன் 25-ஆம் தொகுதிதான் கியோர்க் பூலர் மொழிபெயர்த்த மனு நூல். வெளிவந்த ஆண்டு 1886.

இப்படிப்பட்ட நூல்கள் வேகமாக விற்காது. ஒரு பதிப்பு தீரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் அந்தக் காலப் பதிப்பாளர்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. அச்சை ஒரே தடவையில் முடித்துவிடுவார்கள். ஆனால் எல்லாப் படிகளையும் உடனே பைண்டு செய்ய மாட்டார்கள். சில நூறு படிகளுக்கு மட்டும் அட்டை போட்டுவிட்டு, மீதியைத் தாள்களாகவே கட்டிக் கிடங்கில் வைப்பார்கள். விற்க விற்க அடுத்த கட்டு பைண்டிங்குக்குப் போகும். அட்டைக்கும் துணிக்கும் கூலிக்கும் முன்கூட்டியே பணம் முடங்காது. கட்டிய படி எத்தனை, கட்டாத தாள் எத்தனை என்று கணக்கு வைக்க வேண்டும். பல தொகுதி வரிசையில் ஒன்று தீர்ந்துபோனாலும் முழு செட் உடைந்துபோகும். ஓர் அறிவுத்துறையை உயிரோடு வைத்திருந்ததில் இந்தக் கிடங்குக் கணக்குக்கும் பங்கு உண்டு.

பட்டறைக்குள்ளும் ஏணி இருந்தது. பிரிட்டனில் தாள் மடிப்பதும் தைப்பதும் பெண்கள் வேலை. அட்டை பொருத்துவதும் பொன்னெழுத்து பதிப்பதும் ஆண்கள் வேலை. கூலியும் அப்படியே மேல் கீழாக இருந்தது. 1849-இல் லண்டனில் பைபிள் கட்டிய பெண் தொழிலாளர்கள் கூலிக்காகப் போராடினார்கள். புனித நூல் எந்த மதத்துடையதானாலும் அதைத் தைத்த விரல்களுக்குக் கிடைத்த கூலி குறைவுதான்.

இனித் தோலுக்கு வருவோம். பதிப்பாளர்கள் பெரும்பாலும் துணி அட்டை போட்டார்கள். அடிக்கடி புரட்டப்படும் நூல்களை நூலகங்கள் தோல் முதுகு வைத்து மறுபடி கட்டின. அந்தச் சந்தைக்கு மலிவாக வந்த தோலில் ஒருவகைக்கு ‘பெர்சியன்’ என்று பெயர். பெயர்தான் பாரசீகம். சரக்கு இந்தியாவுடையது, அதிலும் மதராஸ் மாகாணத்தின் பங்கு பெரிது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்தில் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கி, ஆவாரம்பட்டைக் குழியில் போட்டு, கடுக்காய்நீர் காட்டி அனுப்பினார்கள். குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். மண்டி முதலாளிக்கு லாபம் போனது, லண்டன் வியாபாரிக்குப் பெயர் போனது. நமக்கு மிஞ்சியது நாற்றமும் அதைச் சொல்லியே ஒதுக்கிய தீண்டாமையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நூலகங்களில் தோல் முதுகுகள் செந்தூளாக உதிர்ந்தன. காரணம் காண லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்தது. 1901-இல் வந்த அதன் அறிக்கை, இந்திய ‘பெர்சியன்’ தோல் நூல் கட்டுவதற்கு உதவாது என்றது. ஆவாரம்பட்டையைவிட சுமாக் இலையில் பதனிட்ட தோல் நீடிக்கும் என்பது அறிவியல்படி சரியே. ஆனால் அதே அறிக்கை வேறு காரணங்களையும் அடுக்கியது: சாயம் ஏற்றும்போது சேர்த்த அமிலம், தோலை அளவுமீறி மெல்லியதாகச் சீவியது, நூலகத்தின் கேஸ் விளக்குப் புகை, காற்றோட்டமின்மை. இந்தியாவிலிருந்து பாதிப் பக்குவத்தில் போன தோலுக்கு ஐரோப்பாவில்தான் சாயம் ஏற்றினார்கள். பட்டறையின் அவசரமும் கிடங்கின் புகையும் சேர்ந்த குற்றத்தில், சந்தையில் கெட்டுப்போனது சரக்கின் பெயர் மட்டும்.

இந்தக் கிடங்குகளால் நமக்கும் ஒரு பயன் கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் ‘சூத்திரர்கள் யார்’ என்ற 1946-ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில், சமஸ்கிருதம் தெரியாமல் இதை எழுதலாமா என்ற கேள்வியை நேராக எதிர்கொள்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியே பல ஆண்டுகள் படித்ததைச் சொல்லியே பதில் தருகிறார். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுவை எரித்தவர், அதை வரி வரியாகப் படித்தும் இருந்தார். மூலத்தின் மீது பார்ப்பனர் வைத்திருந்த பூட்டை, அலமாரியில் கட்டுக்குலையாமல் இருந்த மொழிபெயர்ப்புகள் உடைத்தன. அதனால்தான் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகத்தில் புத்தகங்களுக்கு அவ்வளவு இடம்.

இப்போது நம் அலமாரியைப் பார்ப்போம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ இதழின் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழின் எழுத்துகள் சிலர் பத்திரப்படுத்தியதால் பிழைத்தன. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார்; 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அதன் பிறகே பல்கலைக்கழகங்கள் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தன. மனு நூலுக்கு அச்சகமும் பைண்டரும் கிடங்கும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். மனுவை மறுத்தவர்களுக்கு டிரங்குப் பெட்டியும் பரணும்தான் இருந்தன. எது நிலைக்க வேண்டும் என்பதைக் கருத்தின் வலிமை மட்டும் முடிவு செய்வதில்லை, பராமரிப்புக்கு யாரிடம் காசு இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

ஆகவே தோழர்களே, ஆவணம் காப்பதும் போராட்ட வேலைதான். நம் கிளைகளில் கிடக்கும் துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்களை இந்த ஆண்டே எடுத்துப் பட்டியலிடுவோம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியை நீக்கி நூலால் தைப்போம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், காலப்போக்கில் அதுவே தாளைக் கெடுக்கும். தரையிலும் ஈரச் சுவரை ஒட்டியும் எதையும் அடுக்காமல் ஸ்கேன் செய்து இரண்டு ஊர்களில் படி வைப்போம். பிறர் புத்தகங்களை நம் உழைப்பு காலம் காலமாகத் தாங்கியிருக்கிறது. அதே கைகள் நம் எழுத்தையும் காப்பாற்றட்டும்.