வெள்ளை நாற்றுக்கும் ஒரு வரலாறு

நாற்றங்காலில் எப்போதாவது ஒன்றிரண்டு நாற்று வெள்ளைவெளேரென்று முளைத்து நிற்கும். விதையில் இருக்கிற மாவு தீரும்வரைக்கும்தான் அதன் ஆயுசு. இரண்டு மூன்று வாரத்தில் மடிந்துபோகும். சம்சாரிக்கு அது நஷ்டக் கணக்கில்கூட வராது. மரபியல்காரனுக்கோ அதுதான் பிரதி. பச்சை எப்படி உண்டாகிறது என்பதைப் பச்சையை மட்டும் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. பச்சை பிடிக்காமல் செத்ததை எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள்.

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912-இல். பார்னல், ரங்கசாமி அய்யங்கார், ராமையா மூவரும் நெல்லின் குணங்கள் தலைமுறை தாண்டுவதைப் பற்றி 1917-இல் எழுதினார்கள். மெண்டல் நம் வயலுக்குள் இறங்கியது இந்த வழியாகத்தான். 1921-இல் ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து ஜி.இ.பி. 24 வந்தது. கலந்து கிடந்த வயலிலிருந்து ஒற்றைச் செடியைப் பிரித்தெடுத்து 'தூய வரிசை' ஆக்குவது அன்றைய முறை. தூய்மை என்ற சொல் நம் ஊரில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தும். அந்த உறுத்தலை வைத்துக்கொண்டே அவர்கள் உழைப்பை மதிக்கவும் முடியும்.

வெள்ளை நாற்று பெரும்பாலும் மெண்டல் கணக்குக்குள் அடங்கியது: மூன்று பச்சைக்கு ஒரு வெள்ளை. அதாவது வெளுப்பைச் சுமந்துகொண்டிருக்கிற செடி பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். பிறகு கதிர்வீச்சு காலம் வந்தது. விதைமேல் கதிரைப் பாய்ச்சி, இரண்டாம் தலைமுறையில் எத்தனை நாற்று வெளுத்தது, எத்தனை மஞ்சளித்தது என்று எண்ணினால் கதிரின் வீரியம் தெரிந்துவிடும். சாவு இங்கே அளவுகோல்.

ஆனால் எல்லா வெளுப்பும் இந்தக் கணக்குக்குப் பணியவில்லை. 1909-இல் ஜெர்மனியில் காரென்ஸ் நம் வீட்டு வாசலில் பூக்கிற அந்திமந்தாரையை எடுத்துக்கொண்டார். வெள்ளைக் கிளையில் விளைந்த விதை, மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும், வெள்ளையாகவே முளைத்தது. பச்சைக் கிளையின் விதை பச்சை. தீர்மானித்தது தாய். வித்தும் நிலமும் என்று வந்தால் வித்தே உயர்ந்தது என்று மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் அடித்துச் சொல்கிறது. நிலம் வெறும் ஏந்துகிற பாத்திரம். அந்திமந்தாரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. உடனே இதை வைத்துத் தாய்வழிச் சமூகத்துக்கு இயற்கைச் சான்று தேடக் கிளம்பிவிட வேண்டாம். அதே 1909-இல் பவுர் ஆராய்ந்த ஜெரேனியத்தில் தந்தையின் பங்கும் இறங்கி வந்தது. இயற்கை யாருக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. மனு கேட்டதும் இயற்கையிடம் வக்காலத்துதான்.

இதற்குக் காரணம் பசுங்கணிகத்துக்குள் தனியாக இருக்கிற டி.என்.ஏ. ஒரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த நுண்ணுயிர், இன்னொரு உயிரணுவுக்குள் புகுந்து குடியேறியதுதான் பசுங்கணிகம். 1905-இல் ரஷ்யாவின் மெரஷ்கோவ்ஸ்கி சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1967-இல் லின் மார்குலிஸ் அதை மறுபடி எழுப்பினார். நெல்லின் பசுங்கணிக வரிசை முழுவதையும் 1989-இல் ஜப்பானில் படித்து முடித்தார்கள்: 1,34,525 எழுத்துகள். அதில் இருக்கிற மரபணு நூற்றுச் சொச்சம்தான். பச்சை பிடிக்கத் தேவையான புரதங்களோ ஆயிரக்கணக்கு. மிச்சமெல்லாம் உட்கருவிலிருந்து வரவேண்டும். குடியேறியவன் தன் சொத்தில் பெரும்பகுதியை வீட்டுக்காரனிடம் எழுதிக்கொடுத்துவிட்டான். இன்றும் வேலை இரண்டு கையில்தான் நடக்கிறது: முதலில் உட்கரு அனுப்புகிற நொதி பசுங்கணிகத்தின் மரபணுக்களை எழுப்பிவிடும், பிறகு பசுங்கணிகம் தன் சொந்த நொதியைக் கட்டிக்கொண்டு ஒளிச்சேர்க்கைக்கு இறங்கும். இந்தக் கைமாற்றம் தப்பினால் இலை வெளுக்கும்.

கியூஷு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த சில நெல் திரிபுகள் இதை இன்னும் துல்லியமாகக் காட்டின. இருபது டிகிரியில் வளர்த்தால் இலை வெளுக்கும், முப்பதில் பச்சை. 2007-இல் இதில் ஒன்றின் மரபணு தெரிந்தது. இலை உருவாகிற ஆரம்பத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் குளிர் தாக்கியதா என்பதுதான் கேள்வி.

இந்த இருபது டிகிரியைப் படித்ததும் எனக்கு ஜவ்வாது மலைதான் ஞாபகம் வந்தது. மார்கழி ராத்திரியில் அங்கே அதற்கும் கீழே இறங்கும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, ஓடையோரத் துண்டு வயல்களில் குளிரில் வெளிறின நாற்றைப் பார்த்திருக்கிறேன். 'வெயில் ஏறட்டும், பச்சை புடிச்சிக்கும்' என்பார்கள். அது ஜப்பான் திரிபு அல்ல; சாதாரண நெல்லுக்கும் குளிர் ஆகாது. ஆனால் வெளுப்பைச் சாவென்று முடிவு கட்டாமல் பருவத்தோடு சேர்த்துப் பார்க்கிற கண் அங்கே இருக்கிறது.

அந்த மலைக்கு நெல் பிரதானப் பயிரும் அல்ல. மலையாளி ஆதிவாசிகளின் தானியம் சாமை. ரேஷன் அரிசி மேலே ஏறிய பிறகு சாமைக் கொல்லை சுருங்கியது. ஆராய்ச்சியும் அரிசி போன பாதையிலேயே போயிற்று. நெல்லின் உட்கரு மரபுத்தொகுதி 2005-இல் முடிந்தது. சாமையின் பசுங்கணிக வரிசை மட்டும் வெளிவர, நெல்லுக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. மலையடிவாரத்தில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து அத்தியந்தலில் சிறுதானிய மையம் வந்து, அங்கிருந்து ஏ.டி.எல். 1 சாமை 2019-இல் வெளியானது. நல்ல ரகம். அது ஏறுகிற கொல்லைகளில் ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்த விதை இருந்தது. அவற்றில் எது எந்தக் குளிரைத் தாங்கும் என்பது இன்னும் அந்த வீட்டுப் பெண்களின் கைக்கணக்கில்தான் இருக்கிறது.