நெடுஞ்சாலை முடுக்கம்: ஜெர்மானிய செடான்களும் அமெரிக்க மசில் கார்களும்

நெடுஞ்சாலை முடுக்கம் என்பது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மகிழுந்து, மணிக்கு 80 கி.மீ. போன்ற ஒரு வேகத்திலிருந்து அதைவிடக் கூடிய வேகத்தை எவ்வளவு விரைவாக எட்டுகிறது என்பதைக் குறிக்கும். நிலையிலிருந்து புறப்படும் முடுக்கத்திலிருந்து இது வேறுபட்டது. 1960களிலிருந்து 1990கள் வரை வெளிவந்த ஜெர்மானிய உயர்திறன் செடான்களையும் அமெரிக்காவின் மசில் கார்களையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். எஞ்சினின் அளவை மட்டும் கொண்டு எது விரைவானது என்று முடிவு செய்ய இயலாது. எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்திற்கு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இரு மரபுகள்

மசில் கார் என்பது நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த உடலமைப்பில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்திய அமெரிக்க மகிழுந்து ஆகும். 1964இல் வெளிவந்த போண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விதித்திருந்தது. ஜான் டிலோரியனின் குழுவினர் 389 கன அங்குல (6.4 லிட்டர்) எஞ்சினைத் தனி மாதிரியாக அன்றி விருப்பத் தொகுப்பாக அறிவித்து அவ்விதியைத் தாண்டினர்.

ஜெர்மனியிலும் ஏறத்தாழ இதே போன்ற ஒன்று நிகழ்ந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனப் பொறியாளர் எரிக் வாக்சன்பெர்கர், மிகப் பெரிய 600 மாதிரியின் 6.3 லிட்டர் வி8 எஞ்சினைச் சிறிய உடலமைப்பில் பொருத்திப் பார்த்தார். அம்முயற்சியே 1968இல் 300 எஸ்.இ.எல். 6.3 என்னும் செடானாக வெளிவந்தது. 250 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட இது மணிக்கு 220 கி.மீ. வேகத்தை எட்டியது, மொத்தம் 6,526 கார்கள் தயாரிக்கப்பட்டன. செய்முறையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவும் ஒரு மசில் கார்தான். விலையும், காற்றழுத்தத் தாங்கமைப்பும், நான்கு சக்கரங்களிலும் இருந்த வட்டு பிரேக்குகளுமே அதை வேறு குலத்தில் சேர்த்தன.

இரு நாட்டுச் சாலைகளும் இக்கார்களை வேறு வேறு திசைகளில் வளர்த்தன. அமெரிக்காவில் அளவுகோலாக இருந்தது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டுப் பந்தயம். டெட்ராயிட் பகுதியின் உட்வர்டு அவென்யூவில் இளைஞர்கள் சைகை விளக்கிலிருந்து சைகை விளக்கு வரை போட்டியிட்டனர். ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளிலோ பல பகுதிகளில் வேக வரம்பு இல்லை. 1974 முதல் மணிக்கு 130 கி.மீ. என்பது பரிந்துரையாக மட்டுமே உள்ளது. அங்கு முன்செல்லும் வண்டி விலகியபின் 130இலிருந்து 200ஐ எட்டுவது அன்றாடத் தேவையாக இருந்தது.

குதிரைத்திறன் எண்களில் உள்ள சிக்கல்

பழைய விளம்பரத் தாள்களில் உள்ள எண்களை அப்படியே ஒப்பிடுவது பெரும் பிழையாகும். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாக மொத்தத் திறனையே வெளியிட்டன. இது காற்று வடிகட்டி, புகைபோக்கி ஒலியடக்கி போன்ற துணை உறுப்புகள் இன்றிச் சோதனை மேடையில் அளக்கப்பட்டது. 1972 மாதிரிகளிலிருந்து, காரில் பொருத்தப்பட்ட நிலைக்கு ஒத்த நிகரத் திறன் வழக்கத்திற்கு வந்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் புகழ்பெற்ற 426 ஹெமி எஞ்சினுக்கு 1971இல் மொத்தத் திறன் 425 எனவும் நிகரத் திறன் 350 எனவும் குறிக்கப்பட்டது. எஞ்சின் ஒன்றே, அளவீடு மட்டும் வேறு. ஜெர்மானிய டி.ஐ.என். முறை முன்பிருந்தே நிகரத் திறனை அளந்து வந்தது. ஆகவே மெர்சிடிசின் 250ஐ ஹெமியின் 425உடன் அல்ல, 350உடன் ஒப்பிட வேண்டும். அப்போதும் ஹெமியே வலுவானது என்பது குறிப்பிடத்தக்கது.

அக்கால இதழ்களின் சோதனை நேரங்களிலும் எச்சரிக்கை தேவை. 1964இல் ஓர் இதழின் சோதனைக்கு அளிக்கப்பட்ட ஜி.டி.ஓ.வில் 389க்குப் பதிலாக 421 கன அங்குல எஞ்சின் இருந்ததை, போண்டியாக்கின் விளம்பரப் பணியில் ஈடுபட்டிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்.

முறுக்குவிசையும் திறனும்

ஓடும் காரை முன்தள்ளும் விசை, அக்கணத்தில் எஞ்சின் தரும் திறனை வேகத்தால் வகுத்தால் கிடைப்பதாகும். நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளில் 600 நியூட்டன் மீட்டர் தரும் பெரிய எஞ்சின் ஏறத்தாழ 126 கிலோவாட் திறனை அளிக்கிறது. அதே சுற்றுகளில் 300 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய எஞ்சின் 63 கிலோவாட் மட்டுமே அளிக்கும். ஆனால் ஓட்டுநர் கியரைக் குறைத்து அதை 6,000 சுற்றுகளுக்குக் கொண்டு சென்று, அங்கும் அதே முறுக்குவிசை கிடைத்தால், திறன் 188 கிலோவாட்டாக உயர்கிறது. கியரை மாற்றாமல் மிதித்தால் பெரிய எஞ்சின் வெல்லும். மாற்றினால் நிலை தலைகீழாகும்.

1985இல் அறிமுகமான முதல் பி.எம்.டபிள்யூ. எம்5 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் 3.5 லிட்டர், ஆறு உருளை எஞ்சின் எம்1 பந்தய வகைக் காரின் எஞ்சினிலிருந்து உருவானது. 286 குதிரைத்திறன் 6,500 சுற்றுகளிலும், 340 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4,500 சுற்றுகளிலும் கிடைத்தன. 1987இன் ஃபோர்டு மஸ்டாங் 5.0, 225 குதிரைத்திறன் மட்டுமே கொண்டிருந்தாலும் அதன் 407 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 3,000 சுற்றுகளை ஒட்டியே கிடைத்தது. கியரைத் தொடாமல் முந்த விரும்புவோருக்கு மஸ்டாங்கே எளிது. எம்5 காரை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும்.

மசில் கார்களுக்கு நெடுஞ்சாலையில் இன்னொரு சாதகமும் இருந்தது. அக்காலக் குறுகிய டயர்களால் நின்ற நிலையில் அவ்வளவு முறுக்குவிசையையும் தரைக்குக் கடத்த முடியவில்லை. சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இத்தொல்லை பெரிதும் குறைந்துவிடும். எனவே 80 முதல் 130 வரையான வேகமே இக்கார்களின் உண்மையான வலிமை வெளிப்பட்ட இடம் எனலாம்.

காற்றுத் தடையும் கியர் விகிதமும்

வேகம் இருமடங்கானால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. காற்றுத் தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர் வரும் ஒரு காரையும், 1.0 வரும் மற்றொரு காரையும் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முதலாவதற்கு ஏறத்தாழ 8 கிலோவாட்டும் இரண்டாவதற்கு 13 கிலோவாட்டும் தேவை; வேறுபாடு அற்பம். 200 கி.மீ. வேகத்தில் அது 62க்கும் 103க்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் காற்றிலேயே கரைந்துபோகிறது.

அமெரிக்கர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். உள்வாங்கிய பின்கண்ணாடி கொண்ட 1968 டாட்ஜ் சார்ஜர், நாஸ்கார் பந்தயங்களின் நீள்வட்டத் தடங்களில் காற்றால் இடர்ப்பட்டது. கூரிய மூக்கும் உயர்ந்த பின்சிறகும் சேர்த்து 1969இல் சார்ஜர் டேடோனா உருவாக்கப்பட்டது. 1970 மார்ச் 24 அன்று டலாடேகா தடத்தில் பட்டி பேக்கர் இக்காரில் மணிக்கு 200 மைல் (322 கி.மீ.) வேகத்தைத் தாண்டினார். ஆயினும் சாதாரண விற்பனைக் கார்களுக்கு இந்த அறிவு விரைவில் சென்று சேரவில்லை.

கியர் விகிதமும் தடையாயிற்று. கால் மைல் ஓட்டத்திற்காக 4.10 பின் அச்சு விகிதம் வாங்கியவரின் கார், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள டயருடனும் நேர் விகித உச்ச கியருடனும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 3,250 சுற்றுகளில் ஓடும். எஞ்சினின் எல்லை 5,500 எனில், 169 கி.மீ. வேகத்திலேயே ஓட்டம் முடிந்துவிடும். 300 எஸ்.இ.எல். 6.3 காரின் விகிதமோ 2.85 ஆகும்.

முந்துதலும் பாதுகாப்பும்

இருவழிச் சாலையில் முந்தும்போது எதிர்த்தடத்தில் கழியும் நேரமே உயிருக்கு ஆபத்தானது. 80இலிருந்து 120 கி.மீ. வேகத்தைச் சீராக 4 நொடியில் எட்டும் கார் அதற்குள் 111 மீட்டர் ஓடுகிறது. 8 நொடி எடுக்கும் கார் 222 மீட்டர் ஓடுகிறது. எதிரே 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியும் அதே அளவு நெருங்கிவிடும். இவ்வகையில் இரு நாட்டுக் கார்களும் சாதாரணக் கார்களைவிட மேம்பட்டவையே. ஆனால் கணக்குத் தவறினால் நிறுத்த வேண்டும். பல மசில் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் உருளை பிரேக்குகளே அடிப்படையாக அளிக்கப்பட்டன; முன்சக்கர வட்டு பிரேக்குகளுக்குத் தனியே பணம் செலுத்த வேண்டியிருந்தது. வெப்பம் ஏறினால் உருளை பிரேக்குகளின் பிடிப்பு தளரும்.

பிற்கால நிலை

மாசுக் கட்டுப்பாடும், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணமும், 1973 எண்ணெய் நெருக்கடியும் மசில் கார்களின் முதல் காலத்தை முடித்தன. 1974இல் மணிக்கு 55 மைல் (88 கி.மீ.) என்னும் தேசிய வேக வரம்பு வந்தது, அது 1995இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. 1979இல் வந்து 1982இல் கைவிடப்பட்ட ஒரு விதி, வேகமானிகள் 85 மைலுக்கு மேல் காட்டக் கூடாது என்றும் கூறியது.

இதே காலத்தில் ஜெர்மானியர் முன்னேறினர். போர்ஷே நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட மெர்சிடிஸ் 500 ஈ (1990) 326 குதிரைத்திறன் கொண்டிருந்தது; 1994இன் செவ்ரோலே இம்பாலா எஸ்.எஸ். கொண்டிருந்தது 260. ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ள இத்தகைய காரை 100இலிருந்து 200 கி.மீ. வேகத்திற்குக் கொண்டு செல்ல, 0இலிருந்து 100க்குத் தேவைப்பட்டதைப் போல் மூன்று மடங்கு ஆற்றல் வேண்டும். காற்றுத் தடை இதற்கு மேற்பட்ட செலவு. குறைந்த காற்றுத் தடையும் உயர்ந்த சுற்றுகளிலும் தளராத எஞ்சினும் பயன் தந்தது இங்குதான்.

1990இல் வெளிவந்த லோட்டஸ் ஒமேகா இரு மரபுகளும் சந்தித்த இடமாகும். அப்போது ஜெனரல் மோட்டார்சுக்குச் சொந்தமாயிருந்த ஓப்பல், லோட்டஸ் ஆகிய இரண்டும் இணைந்து உருவாக்கிய இந்த 377 குதிரைத்திறன் செடான், மணிக்கு ஏறத்தாழ 283 கி.மீ. வேகம் செல்லக்கூடியது. அதன் ஆறு கியர் பெட்டி, அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் இசட்.ஆர்.-1 காரில் பயன்பட்ட அதே ஜெர்மானிய இசட்.எஃப். நிறுவனப் பெட்டியாகும்.