டேனியல் அச்சோவியங்கள்: பாபநாசம் அருவி

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னாட்டுப் பயணத்தில் வரைந்து, பின்னர் லண்டனில் செப்புத்தகட்டில் பொறித்து வெளியிட்ட படங்களுள், தாமிரபரணியின் பாபநாசம் அருவியைக் காட்டுவது குறிப்பிடத்தக்கது. 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ (1795–1808) தொகுப்பு கோயில், கோட்டை முதலிய கட்டடங்களுக்கே பேர்பெற்றதாயினும், பொறிப்பாளரின் திறமைக்கு உண்மையான சோதனை விழும் நீரே எனலாம். ஏனெனில் நீர்த்திவலைக்கு வரம்புக்கோடு கிடையாது.

இதற்கு அவர்கள் கையாண்டது அக்குவாடின்ட் முறை. பிசின்தூளைத் தூவிச் சூட்டால் ஒட்டவைத்த தகட்டை அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கப்பட்டு, மை தங்கும் நுண்குழிகள் உண்டாகும். வெண்மையாக நிற்கவேண்டிய நுரையை முதலிலேயே வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, பாறையின் கருமைக்குத் தகட்டைப் பலமுறை அரிக்கவிடுவர். அச்சானபின் வண்ணம் கையால் தீட்டப்பட்டது.

இன்று திருத்தங்கலை அடுத்த சிவகாசியின் நாள்காட்டிகளில் காணும் அருவிப் படங்களோ ஆஃப்செட் முறையில், குழிகளற்ற தகட்டிலிருந்து, எண்ணெய்ப்பசை மையும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு, நான்கு நிறப் புள்ளிகளாக அச்சாகின்றன.