வீடியோவை ஆஃப் செய்யும் பிள்ளைகள்... சோம்பேறித்தனமா, மன அழுத்தமா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

"கிளாஸ் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் படுத்திருக்கியா?" ஆன்லைன் வகுப்பு நடக்கும் பல வீடுகளில் காலை நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. பெயருக்கு லாகின் செய்துவிட்டு, வீடியோவை ஆஃப் செய்து தலையணையில் சாயும் பிள்ளையைப் பார்த்தால் கோபம் வருவது இயல்பு. ஆனால், எல்லா நேரமும் அது சோம்பேறித்தனம் அல்ல.

தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 2020 மார்ச் மாதத்துக்குப் பிறகு நீண்ட காலம் வகுப்பறைக்கே போகவில்லை. 10, 12-ம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-ம் தேதியும், 9, 11-ம் வகுப்புகள் பிப்ரவரி 8-ம் தேதியும் திறக்கப்பட்டன. கொரோனா மீண்டும் வேகமெடுத்ததால் அவையும் மூடப்பட்டன. ஜூன் 5-ம் தேதி பிளஸ் 2 பொதுத்தேர்வு ரத்தானது. அப்போது மறுபடியும் செல்போன்தான் பள்ளிக்கூடமானது.

பள்ளி மூடினால் பாடம் மட்டுமா போகும்?

இல்லை. மணி அடித்தால் எழுந்து ஓடும் நேர ஒழுங்கு, பக்கத்து பெஞ்ச் நண்பர்கள், "ஏன் இன்னைக்கு முகம் வாடியிருக்கு?" என்று கேட்கும் டீச்சர். இந்த மூன்றும் சேர்ந்தே நின்றுபோகின்றன. இவற்றை வீட்டில் ஓரளவாவது திருப்பித் தருவதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* தூக்கம், சாப்பாடு இரண்டிலும் திடீர் மாற்றம்
* சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், அழுகை
* பிடித்த விளையாட்டு, நண்பர்களிடமிருந்து விலகுவது
* காரணமில்லாமல் அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி

சின்னப் பிள்ளைகளுக்கு "பயமா இருக்கு" என்று சொல்லத் தெரியாது. "வயிறு வலிக்குது" என்பார்கள். இந்த மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் பேசுவது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

நேரம்: வகுப்புக்கு முன்பே எழுந்து, குளித்து, உடை மாற்றட்டும். படுக்கையில் உட்கார்ந்து படிக்க வேண்டாம். தனி அறை இல்லாவிட்டாலும் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். இரவில் போன் பிள்ளையின் படுக்கைக்கு அருகில் இருக்கக்கூடாது.

ஸ்கிரீன்: மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல்படி, மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடம்தான். 1 முதல் 8-ம் வகுப்புக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள். 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். இதைவிட அதிகம் நடந்தால் பள்ளியிடம் பேசலாம்.

நண்பர்கள்: பாடம் பற்றி அல்லாமல், சும்மா அரட்டை அடிக்கவும் தினமும் கொஞ்ச நேரம் போன் கொடுங்கள்.

பேச்சு: "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்னைக்கு எது ரொம்ப போர் அடிச்சுது?" என்றும் கேளுங்கள். பதில் வந்ததும் அறிவுரை வேண்டாம். காது கொடுத்துக் கேட்டாலே பாதி பாரம் இறங்கும்.

ஒரே போன், மூன்று பிள்ளைகள்

அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும் வீடுகள் நிறைய. அங்கே வகுப்பைத் தவறவிட்டது பிள்ளையின் குற்றமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலைமையை வகுப்பு ஆசிரியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். 2019-ல் தொடங்கப்பட்ட கல்வி தொலைக்காட்சியில் பாடங்களைப் பார்க்கலாம்.

வீட்டில் இழப்பு நேர்ந்திருந்தால்?

"தாத்தா ஊருக்குப் போயிருக்காரு" என்று மறைக்க வேண்டாம். உண்மை பிறகு தெரியும்போது வலி இரட்டிப்பாகும். வயதுக்கு ஏற்ற எளிய வார்த்தையில் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். கொஞ்ச நாள் அட்டெண்டன்ஸ், டெஸ்ட் என்று நெருக்க வேண்டாம் என ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பை மட்டும் தவிர்த்தால்?

பாடம் புரியாமல் இருக்கலாம். குரூப்பில் யாரோ கிண்டல் செய்திருக்கலாம். தவறான மெசேஜ் வந்திருக்கவும் வாய்ப்புண்டு. "போனை வாங்கிடுவேன்" என்று மிரட்டினால் பிள்ளை மறைக்கத்தான் செய்யும். நிதானமாகக் கேளுங்கள். தவறான மெசேஜ் இருந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, 1098-க்கு அழையுங்கள்.

உடனே உதவி தேடுங்கள்

"வாழவே பிடிக்கல", "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

* 104 – தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி
* 14417 – பள்ளிக்கல்வித் துறை ஆலோசனை
* 1098 – குழந்தைகள் உதவி எண்
* 8448440632 – மத்திய அரசின் 'மனோதர்பன்'

பெற்றோர் மட்டுமல்ல, மாணவர்களும் இந்த எண்களுக்கு நேரடியாக அழைக்கலாம். அதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.