உத்தரத்தின் அடிப்பக்கம்: கட்டடச் சட்டகம் உருவான வழி

அடித்தளம், சுவர், தூண், உத்தரம், தளம் என்று கட்டடத்தின் உறுப்புகளைப் பிரித்துச் சொல்வது பாடநூல் வழக்கம். சுவர் சுமந்த பாரத்தைத் தூண்கள் ஏற்றுக்கொண்டதே நவீனக் கட்டுமானத்தின் தொடக்கம் என்பது பரவலான கருத்து. சிகாகோவின் உயர்மாடிகளை அதற்குச் சான்று காட்டுவார்கள். ஆனால், பாரத்தை நேர்க்கீழாக இறக்குவதில் எக்காலத்திலும் பெரிய சிக்கல் இருந்ததில்லை. கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். சிக்கல் குறுக்கே கிடக்கும் உத்தரத்தில்தான். பாரம் ஏறியதும் அது வளைகிறது. மேற்பகுதி அமுங்க, அடிப்பகுதி இழுபடுகிறது. கல்லின் இழுவலிமை அதன் அமுக்கவலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பல வேளைகளில் அதற்கும் குறைவு. கட்டடச் சட்டகத்தின் வரலாறு இந்தக் குறையைத் தீர்க்க எடுத்த முயற்சிகளின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதுரை, ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபங்களின் தூண் நெருக்கத்தைப் பொதுவாகச் சிற்ப ஆடம்பரமாகவே பார்க்கிறோம். ஆடம்பர நோக்கம் இருந்திருக்கலாம். ஆயினும் கல் உத்தரத்தை நம்பி எழுப்பிய மண்டபத்தில் தூண்களை விலக்கி வைக்கவும் வழியில்லை. தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை, அழகுறுப்பாக இருந்துகொண்டே உத்தரத்தின் தாங்கலற்ற நீளத்தையும் குறைக்கிறது. இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும்: ரோமாபுரியின் பாந்தியன் குவிமாடம் 43 மீட்டர் அகலத்தை இழுவிசைக் கம்பி ஏதுமின்றி மூடவில்லையா? மூடியது உண்மை. ஆனால் வளைவும் குவிமாடமும் பக்கவாட்டில் உதைக்கும்; அந்த உதைப்பை ஏற்கத்தான் பாந்தியனுக்கு 6 மீட்டர் பருமனுள்ள சுவர் தேவைப்பட்டது. மாடிமேல் மாடியாகத் தட்டைத் தளம் அடுக்க இவ்வழி உதவாது. மரம் இழுவிசையைத் தாங்கும் என்பதும் சரியே. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்கள் அதைத்தான் செய்தன. ஆனால் கிடைக்கும் மரத்தின் நீளமே அறையின் அகலத்துக்கு எல்லையாயிற்று; தீ பிடிக்கும் என்ற அச்சமும் நீங்கவில்லை.

அந்த அச்சம்தான் இரும்பை ஆலைகளுக்குள் கொண்டுவந்தது. 1797இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி அருகே சார்லஸ் பேஜ் கட்டிய டிதரிங்டன் ஆளி நூல் ஆலையில் தூண், உத்தரம் இரண்டும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு தூணுக்கு மிகப் பொருத்தம். உத்தரத்துக்கோ கல்லைப் போலவே இழுவிசையில் நொய்மையானது. ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் 1830 வாக்கில் சோதனைகள் நடத்தி, உத்தரத்தின் அடிவிளிம்பு மேல்விளிம்பைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு பரப்புடையதாக இருக்க வேண்டும் என்று கண்டார். சட்டக வரலாற்றில் சிகாகோவுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்த எளிய விகிதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும். 1847 மே மாதம் செஸ்டரில் டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ரயில் செல்கையில் முறிந்து ஐந்து பேர் இறந்தனர். அதன்பின் வளையும் உறுப்புகளில் வார்ப்பிரும்பை நம்பும் துணிவு குறைந்தது. தேனிரும்பு அதன் இடத்தைப் பிடித்தது.

சிகாகோவின் சான்றும் இதே திசையில்தான் போகிறது. வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885இல் முடித்த ஹோம் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தில் தூண்கள் பழைய வார்ப்பிரும்பாகவே இருந்தன. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது கிடைத்த பெஸ்ஸமர் எஃகு, ஆறாம் மாடிக்கு மேலுள்ள உத்தரங்களுக்குத்தான் போயிற்று. உயரத்துக்காகச் சுவரைக் கைவிட்டார்கள் என்ற வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது. 1891இல் எழுந்த மொனாட்நாக் கட்டடத்தின் 16 மாடிகளைச் செங்கற்சுவர் சுமந்தது. அதற்கு அடியில் 1.8 மீட்டர் பருமன் வேண்டியிருந்தது, கீழ்த்தளத்தில் இடமும் வெளிச்சமும் வீணாயின. ஆனால் இது சுவர் தோற்றதற்குச் சான்றல்ல. விலை கூடியதற்கே சான்று. அந்தக் கட்டடத்தின் உள்ளேயும் தளங்களைத் தாங்கியவை உலோக உத்தரங்கள்தாம்.

கான்கிரீட்டின் கதையில் இது இன்னும் தெளிவு. ஜோசஃப் மோனியே 1867இல் காப்புரிமை பெற்ற செடித்தொட்டிகளில் இரும்புக் கம்பி வலை இருந்தது. ஆனால் கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கணக்கு அவரிடம் இல்லை. இழுபடும் பக்கத்தில்தான் கம்பிக்கு வேலை என்பதை 1880களில் ஜெர்மானியப் பொறியாளர் மத்தியாஸ் கோனன் கணக்கிட்டுக் காட்டினார். 1892இல் பிரான்சுவா ஹென்னபிக் எடுத்த காப்புரிமை, அடிக்கம்பிகளோடு செங்குத்துப் பட்டைகளையும் சேர்த்தது. இன்று நம் சித்தாள்களும் கம்பி கட்டுபவர்களும் ‘ரிங்’ என்று சொல்வதன் முன்னோடி அது. அவருடைய முறையில் கம்பிகள் சில, தூணை நெருங்கும்போது மேல்நோக்கி மடங்கின. தாங்கிக்கு மேலே இழுவிசை உத்தரத்தின் மேற்பக்கத்துக்கு மாறிவிடுவதே காரணம். இதனால் உத்தரம் தூணின்மேல் கிடக்கும் தனிப்பொருளாக இல்லாமல் தூணோடும் தளத்தோடும் ஒரே வார்ப்பாயிற்று. 1903இல் சின்சினாட்டியில் எழுந்த இங்கல்ஸ் கட்டடத்துக்கும் மாடிகள் 16தான். அதன் கான்கிரீட் வெளிச்சுவரின் பருமன் சுமார் 20 சென்டிமீட்டர்.