சுழி பார்த்த கண்

திருவண்ணாமலை தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இன்னும் இருக்கிறது. அங்கே மாடு பார்த்துச் சொன்ன தரகரின் கண்தான் மறைந்துவிட்டது. அதற்குத்தான் இந்த இரங்கல்.

அவர் மாட்டை முதலில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். முன்னங்கால் தடத்தில் பின்னங்கால் விழுகிறதா, குளம்பு விரிகிறதா என்று கவனிப்பார். பிறகு வாயைத் திறந்து பல் எண்ணுவார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயது வந்துவிடும். அதற்குப் பிறகுதான் முதுகைத் தடவிச் சுழி பார்ப்பார். ஏறுபூரான் சுழி நல்லது, இறங்குபூரான் சுழி ஆகாது. வீட்டுக்குச் சாவு கொண்டுவரும் என்று நம்பிய பாடைச் சுழி என்றால் கயிற்றையே தொடமாட்டார். எல்லாம் முடிந்ததும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.

சுழியில் பாதி நம்பிக்கைதான். பாடைச் சுழி யாரையும் கொன்றதில்லை. ஆனால் முழுக்கத் தள்ளவும் முடியாது. நெற்றியில் கண்ணுக்கு மேலே சுழி உள்ள மாடுகள் பிடித்துக் கட்டும்போது அதிகம் மிரளுகின்றன என்று அமெரிக்காவில் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினின் குழு 1995இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டது.

அந்தக் கண்ணின் பெருமை வேறு. இழுவை, குணம், குளம்பு, தீனிச் செலவு, தாயின் பால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது ஒரு மாட்டை எடைபோட்டது. ஊருக்குப் பொலிகாளை தேடும்போதும் அப்படித்தான். டிராக்டர் வந்து உழவு மாடு போயிற்று. சினை ஊசி வந்து பொலிகாளை போயிற்று. ஜெர்சிக் கலப்பு வந்தபின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை லிட்டர்?

பாலை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஹோல்ஸ்டீன் மாடு வளர்த்த நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டன. பால் ஏற ஏற, சினை பிடிப்பது குறைந்தது. பால் கூட்டும் மரபணுக்களில் சில சினைப்பிடிப்பைக் கெடுப்பவை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும். 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மரபணுத் தொகுதி முழுவதிலும் பரவிய குறியீடுகளைக் கொண்டு கன்றின் தரத்தை முன்கூட்டியே கணிக்கும் வழியைச் சொன்னார்கள். 2009இல் அமெரிக்கா அதைக் கறவை மாடுகளுக்கு நடைமுறையாக்கியது. இன்று பல குணங்களை ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். சினைப்பிடிப்பு போல மரபுவழி கொஞ்சமே கடத்தப்படும் குணத்தை, அதோடு தொடர்புள்ள வேறு குணத்தின் துணையால் இன்னும் சரியாகக் கணிக்க முடிகிறது. தரகர் மனசுக்குள் போட்ட கணக்கும் இந்த வகைதான்.

நம் நாட்டு மாடுகளுக்கும் இந்தக் குறியீடுகளைப் படிக்கும் மரபணு சிப் வந்துவிட்டது. 2021இல் ஐதராபாத்திலிருந்து ‘இண்டிகாவ்’, 2024 அக்டோபரில் ‘கௌ சிப்’. இவற்றை மனதார வரவேற்கிறேன். ஆனால் சிப் மரபணுவை மட்டுமே படிக்கும். எந்தக் குறியீட்டுக்கு எந்தக் குணம் என்பதை, குணம் அளந்து எழுதிவைத்த ஆயிரக்கணக்கான மாடுகளிடமிருந்துதான் அது கற்றாக வேண்டும். பாலுக்குச் சொசைட்டியில் கணக்கு இருக்கிறது. இழுவைக்கும் குணத்துக்கும் குளம்புக்கும் எங்கே இருக்கிறது? பக்கத்து தர்மபுரிச் சீமையின் ஆலம்பாடி மாட்டிடம் ரத்தம் இன்றும் எடுக்கலாம். அது ஏரில் எப்படி நடந்தது, கல்லாங்காட்டில் எத்தனை நாள் தாங்கியது, எந்தத் தாய்வழிக் கன்று முட்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களை, உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளாமலே போகவிட்டோம்.